பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வேண்டியது அகலமும் கடல் தண்ணீரும்

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பக்கிங்ஹாம் கால்வாய் செய்தியில் வரும். ஆகாயத்தாமரைக்கு நடுவில் தூர்வாரும் மிதவை இயந்திரம் ஒன்று நிற்கும் படம், கரையில் அதிகாரிகள் பார்வையிடும் படம், இத்தனை சதவீதம் வேலை முடிந்தது என்று ஒரு வரி. மழை விட்டதும் பேச்சும் விட்டுவிடும். இடையிடையே யாராவது ஒருவர் இதில் மறுபடி படகு விடுவோம் என்பார், இன்னொருவர் இருபுறமும் நடைபாதையும் பூச்செடியும் வைப்போம் என்பார். இரண்டும் தப்பான ஆசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கால்வாயின் கதையைப் படிக்கப் படிக்க, அதன் கரையோரம் நடக்க நடக்க, எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது: இதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது இரண்டுதான், அதன் அகலமும், கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற வழியும். படகோ பூங்காவோ அதற்கு அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இது மற்ற கால்வாய்கள் மாதிரி இல்லை. அணையிலிருந்தோ ஏரியிலிருந்தோ கிளம்பி வயலுக்குப் போகிற பாசனக் கால்வாய்க்கு ஒரு தலை இருக்கும், ஒரு கடைமடை இருக்கும். பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் தனக்கென்று ஊற்றே கிடையாது. கடற்கரைக்கு இணையாக, சில இடங்களில் கூப்பிடு தூரத்தில் கடல் இருக்க, கிட்டத்தட்ட மட்டமாக ஓடுகிறது. வழியில் குறுக்கே வரும் ஒவ்வொரு ஆற்றையும் வெட்டிக்கொண்டு போகிறது. பழவேற்காட்டு ஏரி, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் கழிமுகம், பாலாறு என்று அது தொடுகிற இடமெல்லாம் கடலுக்கு வாசல் உள்ள நீர்நிலைகள். கடல் ஏறும்போது அந்த வாசல்கள் வழியாக உப்புத்தண்ணீர் கால்வாய்க்குள் வரும், இறங்கும்போது வெளியேறும். அதுதான் இதன் மூச்சு. ‘கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது?’ என்று கேட்டால் நேரத்தையும் மழையையும் பொறுத்து என்பதுதான் சரியான பதில்.

முதலில் வெட்டியவர் அரசாங்கத்தைச் சேர்ந்த பொறியாளர் யாரும் இல்லை. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. 1801இல் வேலை ஆரம்பித்து 1806இல் மதராஸிலிருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் தூரத்துக்குப் படகுப் போக்குவரத்து திறந்துவிட்டார். படகுகளிடம் சுங்கம் வாங்கிப் போட்ட காசை எடுப்பது திட்டம். காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். 1837இல் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது, அப்புறம் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போனார்கள். வடக்கே ஆந்திராவில் பெத்தகஞ்சாம், தெற்கே மரக்காணம். இது மட்டும் சுமார் 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163. பெத்தகஞ்சாமுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களோடு தொடர்பு இருந்ததால், காக்கிநாடாவில் ஏற்றின சரக்கைக் கடலையே தொடாமல் மரக்காணம் வரைக்கும் படகில் கொண்டுவர முடியும். மொத்த நீர்வழி கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். ரயில் வருவதற்கு முன்னால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன சரக்கு? முக்கியமாக விறகும் உப்பும். மதராஸின் அடுப்புகள் எரிந்தது பெரும்பாலும் இந்தக் கால்வாயை நம்பித்தான். இன்றைக்கு ராக்கெட் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டா அப்போது விறகுக் காடு. அங்கே வெட்டிய விறகு படகில் அடுக்கப்பட்டு, பழவேற்காட்டைக் கடந்து, நகரத்து விறகுத் தொட்டிகளுக்கு வந்து சேரும். உப்பளங்களிலிருந்து உப்பு வரும், சுண்ணாம்பு சுடக் கிளிஞ்சல் வரும், நெல் வரும், கருவாடு வரும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் நீளமான கழியால் தள்ளுவார்கள், அதுவும் போதாதபோது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பேசின் பிரிட்ஜ் இருக்கிறதே, அந்த பேசின் இந்தப் படகுகள் வந்து நின்று திரும்பிய நீர்த்தேக்கம்தான்.

ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் லாக் எனப்படும் இரட்டைக் கதவுத் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அது கால்வாய்க்குள் புகுந்து வண்டலைக் கொட்டிவிடக் கூடாது, கடல் வற்றும்போது கால்வாய் தரை தட்டிவிடவும் கூடாது. படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, உள்ளே இருக்கும் நீர்மட்டத்தை அந்தப் பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறந்து விடுவது. இதற்கென்று ஆள் போட்டுப் பராமரித்தார்கள். ஆண்டுதோறும் மண் எடுத்தார்கள். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், இந்தக் கால்வாய் எந்தக் காலத்திலும் தானாக நன்றாக இருந்ததில்லை. கவனித்துக்கொண்டே இருந்ததால்தான் இருந்தது.

இப்போது நடுச்சென்னையில் நாம் பார்க்கிற துண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர், வெட்டப்பட்டது தாது வருஷப் பஞ்சத்தில். 1876லிருந்து 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பட்டினியில் மதராஸை நோக்கி நடந்து வந்தவர்களுக்கு நிவாரணம் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று இந்த வெட்டு. அந்தக் காலத்து நிவாரணக் கூலியைப் பற்றிப் படித்தால் வயிறு பற்றி எரிகிறது. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி செலவைக் குறைக்க வந்து, மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட முழுசாக வராத அளவு. மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று சண்டை போட்டார். இத்தனைக்கும் நடுவில் வேலை முடிந்தது, முழுக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை. சாந்தோம் பக்கமோ மயிலாப்பூர் பக்கமோ கால்வாயைக் கடக்கும்போது இதை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை.

அதே 1870களில் இன்னொரு வேலையும் தொடங்கியது: மதராஸ் துறைமுகம். இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை, ஆனால் சேர்த்துத்தான் பேச வேண்டும். நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் குவிந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. மெரினாவை அகலப்படுத்திய அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் மேடாக்கி அடைத்தது. கூவம் வாய் அடைந்தால் நடுச்சென்னையில் கால்வாய்க்குள் கடல் நுழைய ஒரு வாசல் போனது. அடையாறு முகத்துவாரமும் மணல்மேடு போட்டு அவ்வப்போது அடைபடுகிறது. ஆக, பஞ்சத்தில் செத்துச் செத்து வெட்டிய கால்வாயின் மூச்சுக்குழாயை, அதே பத்தாண்டில் கட்ட ஆரம்பித்த துறைமுகம் மெல்ல மெல்ல நெரித்தது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மணல் எடுக்கும் வேலை என்றென்றைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பொறுப்பு துறைமுகம் கட்டிய நாளிலேயே இந்த நகரத்தின் தலையில் ஏறிவிட்டது, அதை நாம் ஒழுங்காகச் செய்யவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

படகுப் போக்குவரத்து அப்புறம் தேய்ந்த கதை எல்லாருக்கும் ஊகிக்கக் கூடியதுதான். 1899இல் விஜயவாடாவுக்கு ரயில் இணைப்பு வந்தது, பின்னால் லாரி வந்தது, 1960களில் அடித்த புயல்கள் கரையையும் லாக்குகளையும் சேதப்படுத்தின, அதற்கு மேல் செலவு செய்ய யாருக்கும் மனசில்லை.

ஆனால் பெரிய அடி விழுந்தது படகு போனபோது இல்லை, அகலம் போனபோது. பறக்கும் ரயிலுக்கு நகரத்துக்குள் நிலம் எடுக்கச் செலவாகும், சண்டை வரும். கால்வாய் அரசாங்க நிலம், யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாகக் கால்வாயின் மேலேயே, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு ரயில்பாதை போட்டார்கள். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை. நான் அந்த ரயிலில் போகிறவன்தான், அதன் தேவையை மறுக்கவில்லை. ஆனால் கீழே குனிந்து பாருங்கள். ஒவ்வொரு தூணும் ஒரு குப்பைத் தடுப்பு, அதன் பின்னால் வண்டல் படிந்து திட்டாகி அதில் புல் முளைத்திருக்கிறது. பல இடங்களில் பத்து மீட்டர்கூட இல்லாமல் சுருங்கிப் போன கால்வாயில், தண்ணீர் நகர முடியாமல் நிற்கிறது. இங்கே வருஷாவருஷம் தூர்வாருவது என்பது இயந்திரம் நுழையவே முடியாத இடத்தில் இயந்திரத்தை நுழைக்கும் வேலை.

அப்புறம் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் வந்தாலே எல்லாரும் கரையோரக் குடிசைகளைக் காட்டுவார்கள். அரசே எழுப்பிய தூணும் ரயில் நிலையமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கரையில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள், வேலைக்கும் பள்ளிக்கும் வெகு தூரம் தள்ளி. அந்த இடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை, மழைக்குத் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த பகுதிகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இன்னொரு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டது எப்படி நியாயம்? 2022 மே மாதம் ஆர்.ஏ.புரத்தில் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். கால்வாய்க்கு இடம் வேண்டும் என்று எழுதுகிற நான் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கால்வாயோரத்தில் இருப்பவர்களுக்கு அதே வட்டாரத்திலேயே வீடு கொடுக்க முடியாத மீட்புத் திட்டம் எதையும் என்னால் ஆதரிக்க முடியாது.

சரி, இத்தனை ஆன பிறகும் இந்தக் கால்வாய் இன்னும் வேலை செய்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கரையேறிய தண்ணீரின் ஒரு பகுதி கால்வாய்க்குள் இறங்கி அதன் வழியே பரவி மறுபடி கடலுக்குத் திரும்பியது. ஆந்திரக் கரையிலும் சென்னைக்கு வடக்கேயும் கால்வாய்க்கு மேற்கே இருந்த பல கிராமங்களுக்கு அது ஓர் அகழியாக நின்றது. ஒவ்வொரு மழைக்கும் தென்சென்னைத் தண்ணீர் போகிற வழியும் இதுதான். வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி எல்லாம் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் மட்டமான தரையில் நகர்ந்து முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரமாக இருந்தாலோ முகத்துவாரம் மணல் மூடியிருந்தாலோ தண்ணீர் அப்படியே பின்னால் தேங்கும். வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கிற அந்த இரவில், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு மணல்மேடுதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்? மடுவுக்கு நேர் கிழக்கே கடலுக்கு ஒரு குறுக்கு வெட்டு போடலாம் என்று பேசுகிறார்கள். வெட்டலாம்தான், ஆனால் அந்த வாயையும் அதே மணல் அடைக்கும். இருக்கிற வாயைத் திறந்து வைக்கத் தெரியாமல் புதிய வாய் வெட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வடக்கே நிலைமை வேறு. அங்கே கால்வாய் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் கழிவோடு மல்லுக்கட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு கால்வாயில் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை போனதே, அப்போது மீனவர்கள் பக்கெட்டாலும் வெறும் கையாலும் எண்ணெயை வழித்து எடுத்த காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. வலையும் படகும் கறுப்பாகி, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய் ஒட்டி நின்றன. கால்வாய் எல்லா நீர்நிலையையும் இணைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஓரிடத்தில் விட்டது இன்னோரிடத்தில் போய்ச் சேரும்.

2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை இதை நாலாவது தேசிய நீர்வழியாக அறிவித்தார்கள், கிருஷ்ணா கோதாவரி ஆறுகளையும் சேர்த்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நகரத்துக்குள் தூண்களையும் தாழ்ந்த பாலங்களையும் வைத்துக்கொண்டு சரக்குப் படகு எப்படிப் போகும் என்பதை யாரும் விளக்கவில்லை. சியோலில் 2003லிருந்து 2005க்குள் ஒரு மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு அடியில் மூடிக் கிடந்த சோங்கேசோன் ஓடையைத் திறந்தார்கள், அதைப் போல நாமும் செய்ய வேண்டும் என்பார்கள். பாராட்டத்தக்க வேலைதான். ஆனால் அந்த ஓடையில் பெரும்பாலும் ஓடுவது பக்கத்து ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றும் தண்ணீர். நமக்கு அந்தச் செலவே வேண்டாம். பக்கத்தில் கடல் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு முறை இலவசமாகத் தண்ணீரை மாற்றிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டால் போதும்.

அப்படி நடக்கும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே உதாரணம் உண்டு. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அது குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய இடம். அதையெல்லாம் அள்ளி, நீர்ப்பரப்பை ஆழப்படுத்தி, கடல் தண்ணீர் வந்து போக வழி செய்து, அலையாத்திச் செடிகள் நட்டார்கள். நண்டும் பறவையும் தாமாக வந்தன. பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

சாக்கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கால்வாயில் கலக்கும் கழிவுநீரில் பெரும்பகுதி மழைநீர் வடிகால்கள் வழியாகத்தான் வருகிறது. சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மே மாத வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத நாளில் கால்வாய்க் கரைக்குப் போய், வடிகால் குழாய்களின் வாயைப் பாருங்கள். கொட்டிக்கொண்டிருந்தால் அது மழைநீர் இல்லை. எந்தத் தெருவின் இணைப்பு என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கால்வாய்க் கரையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிப் படம் எடுத்துக்கொள்வதைவிட அலுப்பான வேலை இது, ஆனால் இதைச் செய்யாமல் எடுக்கிற ஒவ்வொரு லாரித் தூரும் அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டியதுதான். எடுத்த தூரைக் கரையிலேயே குவித்து வைத்து முதல் மழையில் உள்ளே சரிய விடுவதையும் நிறுத்த வேண்டும்.

நடுச்சென்னையில் போன அகலம் முழுதாகத் திரும்பாது, அதை ஒத்துக்கொள்கிறேன். தூண்களுக்கு நடுவே படிந்ததை ஒழுங்காக எடுத்து, கூவம், அடையாறு இரண்டின் வாயையும் வருஷம் முழுக்கத் திறந்து வைத்தாலே அங்கே தண்ணீர் நகரும். என் கவலையெல்லாம் தெற்கைப் பற்றி. சோழிங்கநல்லூர் தாண்டி முட்டுக்காடு வரை, அப்புறம் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பாலாறு கடந்து மரக்காணம் உப்பளங்கள் வரை கால்வாய் இன்னும் கால்வாயாகவே இருக்கிறது. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். கடைசியில் கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஓடுவதால் இரண்டு பக்கமிருந்தும் மதில்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. நில அளவைப் பதிவில் கால்வாயின் எல்லை இருக்கிறது. அதைத் தரையில் கல்லாக நட்டு, ஊராட்சிவாரியாக வரைபடத்தை வெளியே ஒட்டி, அந்தக் கோட்டுக்குள் வருகிற எந்தக் கட்டடத்துக்கும், அரசுத் துறையுடையதாகவே இருந்தாலும், அனுமதி இல்லை என்று சொல்லிவிட வேண்டும். கரைக்கு கான்கிரீட் சுவர் வேண்டாம், சரிவான மண்கரையும் அலையாத்தியும் போதும். அங்கே குடியிருக்கிறவர்கள் உங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் இந்த எல்லைக்கல்லைப் பற்றி முதலில் கேளுங்கள், தூர்வாருவதைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.